ஏழு கொம்புக்காய்

போன வாரம் மருமகள் தூத்துக்குடியில் ஒரு கடையிலிருந்து மாவுப் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தாள். சிங்காடா மாவாம். வடக்கே விரத நாட்களில் இதில்தான் ரொட்டி சுடுவார்களாம். பாக்கெட்டில் படம் போட்டிருந்தான்: கறுப்பாக, இரண்டு பக்கமும் கொம்பு வைத்த ஒரு காய். "ஏன் அத்தை அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். கண்ணாடி சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் சொல்லலாம். என் வயதுதானே நீங்களும். கோயில் மணிக்கும் பயந்து, வாசலில் யாரோ போட்டுவிட்டுப் போன எலுமிச்சம்பழத்துக்கும் பயந்து வளர்ந்தவர்கள் நாம். இளையவர்களிடம் சொன்னால் அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தக் காலத்து ஆட்களில் நானும் ஒருத்தி என்பதுதான் என் சங்கடம். என் கீழுதட்டில் ஒரு தழும்பு இருக்கிறதே, கேட்டவர்களுக்கெல்லாம் படியில் விழுந்தேன் என்று சொல்லி வந்திருக்கிறேன். நான் எந்தப் படியிலும் விழவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா உப்புத் தோணியில் சமையல்காரர். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு கல்கத்தா போகிற பெரிய பாய்மரத் தோணி. போனால் வர மாதக்கணக்காகும். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தவர் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு பை காய் கொண்டுவந்தார். பச்சையும் சிவப்புமாக, தொட்டால் வழுக்குகிற தோல், இரண்டு பக்கமும் கூரான கொம்பு. பின்வாசலில் உட்கார்ந்து அவரே அவித்து, அவரே உரித்துக் கொடுத்தார். உள்ளே வெள்ளைப் பருப்பு. பனங்கிழங்குக்கும் இளந்தேங்காய்க்கும் நடுவில் ஒரு ருசி. அதன் பேர் அவர் வாயில் சரியாக வரவில்லை. கொம்புக்காய் என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம்.

"அங்கன கொளம் கொளமா இதான்ளா கெடக்கு" என்றார் அப்பா. "காய் அடியில சேத்துல கெடக்கும். அதுலேருந்து நூலு மாரி ஒரு தண்டு மேல வரும். தண்ணி மட்டத்துக்கு வந்ததும் எலைய வட்டமா விரிச்சிட்டு மெதக்கும். எலைக் காம்புல காத்து அடைச்சிருக்கு, அதான் முங்காது. பூவு தண்ணிக்கு மேல பூக்கும். காய்க்கும்போது மட்டும் காம்பு வளைஞ்சி தண்ணிக்குள்ள போயிரும்."

"ஏம்ப்பா உள்ள போவுது?"

"வெக்கமா இருக்கும்." சிரித்துவிட்டு, "ஒண்ணு பாத்துக்க. இதக் காய மட்டும் விடக்கூடாது. காஞ்சா செத்துப்போவும். ஈரத்துலயே இருந்தா நம்ம ஊருலயும் மொளைக்கும்" என்றார்.

இதை அம்மாவிடம் அவர் சொல்லவில்லை. நம் பக்கத்தில் எது மிஞ்சினாலும் உப்புத் தடவி வெயிலில் போடுவதுதானே வழக்கம். மீனுக்கும் அதுதான், மாங்காய்க்கும் அதுதான். அம்மா மிச்சக் காய்களை எல்லாம் உரித்து, பருப்பில் உப்புத் தூவி, ஓலைப் பாயில் பரப்பிவிட்டாள். நான் அதற்கு முன்பே அவிக்காத ஏழு காயைத் திருடி, துவைகல்லுக்குப் பின்னால் விளிம்பு உடைந்த கோப்பையில் தண்ணீர் ஊற்றிப் போட்டிருந்தேன். அப்பா தோணி ஏறிய மறுநாள் அதை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன்.

குளம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஊருக்கு மேற்கே, தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளம். ஆனால் எங்கள் தெருவுக்குக் குடிக்க அதுதான். ஊருக்குள் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்பு. குளத்தங்கரையில் ஒரு குடிசை போட்டு, தள்ளுவண்டியில் இரண்டு தகரப் பீப்பாய் வைத்து, விடிந்ததும் தெருத் தெருவாகத் தண்ணீர் ஊற்றியவள் தண்ணிப் பெரியம்மா. ஏதோ ஒரு வழியில் எங்களுக்குப் பெரியம்மா முறை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாய் மட்டும் உண்டு. குளத்தில் யாராவது கால் வைத்தால் அந்த வாய் கடற்கரை வரை கேட்கும். அவள் வண்டியோடு தெருவுக்குள் போயிருந்த நேரம் பார்த்து, கல்படி ஓரமாக நின்று ஏழையும் வீசினேன். முங்கிப்போயின. அப்பா வரும்போது குளம் முழுக்க மிதக்கும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் வீட்டில்தான் இருந்தார். சங்கு குளிக்கிறவர். காலையில் படகில் போய், கடலடியில் சங்கு தடவி எடுத்துவிட்டு, உடம்பெல்லாம் உப்புப் பொரிந்து வருவார். வருகிற வழியில் யாரும் பார்க்காமல் குளத்தில் ஒரு முங்கு போடுவது அவர் வழக்கம். மாசி மாதம் ஒரு நாள் பெரியம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

"குடிக்கிற தண்ணியில ஒடம்பு கழுவுதியே, அந்தக் காலு வெளங்குமாலே? வெளங்காமப் போவும் பாத்துக்க."

"ஒங்க அப்பன் வெட்டுன கொளமாக்கா?" என்று மாமா சிரித்திருக்கிறார். கரையில் நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் மாமா நொண்டிக்கொண்டு வந்தார். குதிகாலில் ரத்தம், வாசல் வரை சொட்டியிருந்தது. பெரியம்மா மேல் உள்ள வீம்பில் மறுபடியும் குளத்தில் இறங்கியிருக்கிறார். அம்மா அவரைக் குசினிக்குள் உட்கார வைத்து, காலைத் தன் மடியில் போட்டு, குதிகாலில் குத்திக்கொண்டிருந்ததைப் பிடுங்கினாள். பிடுங்கியதைப் பார்த்ததும் கையை உதறினாள். அது என் காலடியில் வந்து விழுந்தது.

பச்சைத் தோலெல்லாம் சேற்றில் அழுகிப்போய், உள்ளே இருந்த கறுப்பு ஓடு மட்டும் கெட்டியாக நின்றது. இரண்டு கொம்பு. ஒன்றின் நுனி மாமாவின் காலுக்குள் ஒடிந்துவிட்டது. நடுவில் மூக்குப் போல ஒரு புடைப்பு. கோயிலில் அதிதூதர் சுரூபத்தின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கிற பிசாசின் தலையை அப்படியே சிறிதாக்கினால் இதுதான். பக்கத்து வீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். "செய்வினைளா. காலு வெளங்காதுன்னு சொன்னால்ல, சொன்ன மாரியே வச்சிட்டா."

எனக்கு அது என்னவென்று பார்த்த உடனே தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. குளத்துப் பக்கம் போனதற்கு அடி விழும் என்ற பயம் ஒன்று. மாமாவின் காலைக் கெடுத்தது நான் என்ற பயம் அதைவிடப் பெரிது. அன்றைக்கே, அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் ஒரு சாத்துச் சாத்தி முடித்திருப்பார்கள். ஒரு நாள் தள்ளினால் உண்மைக்கு இருக்கிற மதிப்பே குறைந்துவிடுகிறது.

ராத்திரிக்குள் கால் பொதபொதவென்று வீங்கியது. காய்ச்சல் வந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, உள்ளே கிடந்த நுனியைக் கீறி எடுத்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வந்தார். எங்கள் ஊருக்குப் பூசை வைக்கச் சாமியார் வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் உபதேசியார் வைத்ததுதான் சட்டம். அவர் அந்தக் காயை இடுக்கியால் எடுத்து, அகல வாய் உள்ள ஊறுகாய் பாட்டிலில் போட்டு, கழுத்து வரை தீர்த்தம் ஊற்றி மூடினார். "தீர்த்தத்துல கெடந்தா கட்டுப்பட்டுக் கெடக்கும். பாஸ்கு முடிஞ்சதும் ஆழக் கடல்ல கொண்டு போட்டுருவோம்" என்றார். ஈஸ்டரைத்தான் நாங்கள் பாஸ்கு என்போம். பாட்டில் பீடத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறைக்குப் போயிற்று.

நாலாம் நாள் தாங்க முடியாமல் அம்மாவிடம் சொன்னேன். அப்பா கொண்டுவந்த காய், நான்தான் குளத்தில் போட்டேன் என்று. அம்மா கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து காய வைத்த பருப்பை எடுத்துக் காட்டினாள். உடைத்த சுண்ணாம்புக் கல் போல இருந்தது.

"இதான் அப்பா கொண்டாந்தது. இதுல கொம்பு எங்கன இருக்கு?"

"நீங்க தொலிச்சிட்டீங்கம்மா. தொலியிலதான் கொம்பு."

"அது பச்சத் தொலி. இது கறுப்பு." என் முகத்தையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ ஒனக்கு என்ன தந்தா? அவ கையால தண்ணி குடிச்சியா?" என்று கேட்டாள்.

குடித்தேன் என்றேன். தெருவே அவள் கையால்தான் குடித்தது. ஆனால் அம்மாவுக்கு அது போதும். செய்வினை வைத்தவள் என் வாயையும் பிடித்துவிட்டாள், தன்னைக் காப்பாற்ற என் நாக்கைப் பேச வைக்கிறாள் என்று ஆயிற்று. உபதேசியார் என் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டு ஜெபித்தார். நான் எவ்வளவு சொன்னேனோ அவ்வளவு பெரியம்மாவுக்குக் கெடுதல். அதற்குப் பிறகு நானும் பேசுவதை நிறுத்தினேன்.

அம்மா பீப்பாய்த் தண்ணீரை நிறுத்தினாள். அடிபட்டது அவள் தம்பி, அதனால் அவள் வாங்காத தண்ணீரைத் தெருவில் யாரும் வாங்கவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள நல்ல தண்ணிக் கிணற்றுக்கு நடந்தார்கள். பெரியம்மா மட்டும் தினமும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தினாள், கொஞ்ச நேரம் நின்றாள், அடுத்த வாசலுக்குத் தள்ளினாள். திரும்பும்போதும் பீப்பாய் நிறைந்தே இருந்ததால் சக்கரம் கிரீச்சிட்டது. அந்தச் சத்தம் வந்தால் நான் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஊர்க் கமிட்டி கூடியது. கோயில் வாசலில் நின்று, சிலுவையைத் தொட்டு, நான் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தால் விட்டுவிடலாம் என்றார்கள். வேறு யாராக இருந்தாலும் தொட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "செய்யாததுக்கு நான் எதுக்குச் சத்தியம் பண்ணணும்? சொன்னவன் பண்ணட்டும்" என்றாள். அதோடு தீர்ந்தது. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கு முன்னால் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் கோயிலைக் கூட்டிக் கழுவப் பிள்ளைகளை அனுப்புவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம், சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போர்த்தியிருந்தது. பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையைக் கூட்ட மற்றப் பிள்ளைகள் மாட்டோம் என்றார்கள். நான் போனேன். ஜன்னல் ஓரம் வெயில் படுகிற இடத்தில் பாட்டில் இருந்தது, அதற்கும் ஒரு ஊதாத் துணி. துணியைத் தூக்கினேன்.

முளைத்திருந்தது. இரண்டு கொம்புக்கும் நடுவிலிருந்து வெள்ளையாக ஒரு தண்டு வளைந்து மேலே வந்து, நுனியில் ரெண்டு குட்டி இலை விட்டிருந்தது. தண்டைச் சுற்றிப் பாசி மாதிரி வேர். அம்மா வெயிலில் போட்டதெல்லாம் செத்துப்போக, கட்டிப்போடுவதாக நினைத்து உபதேசியார் தண்ணீரில் போட்டது மட்டும் உயிரோடு இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. இதைப் பார்த்தால் செடி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நம்பி, பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

கோயில் முன்னால் மணலில் பெண்கள் குருத்தோலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் ஒரு ஓரமாக நின்றார்கள். பெரியம்மாவின் வண்டியில் பீப்பாய்க்குப் பதில் பாயும் பானையும் ஒரு டிரங்குப் பெட்டியும் ஏற்றியிருந்தது. குடிக்க ஒரு குடம் தண்ணீர். போகிற போக்கில் கோயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போட நின்றிருந்தாள்.

"இந்தா பாருங்க, இது காயி. மொளச்சிருக்கு. நான்தான் கொளத்துல போட்டேன்" என்று பாட்டிலை உயர்த்திக் காட்டினேன்.

எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். "கை மொளச்சிருக்கு" என்றாள் ஒருத்தி. உபதேசியார் முகம் வெளுத்துவிட்டது. "தீர்த்தத்துலயே மொளைக்குதுன்னா சின்னச் சாமானில்ல. ஏளா, அதக் கீழ வையி. பிள்ள வாயில அவதான் பேசுதா, யாரும் கிட்டப் போவாதிய" என்றார். அம்மா எழுந்து என்னை நோக்கி வந்தாள். இரண்டு ஆண்கள் பெரியம்மாவின் வண்டியைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினார்கள்.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. இது தின்கிற சாமான் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். பாட்டிலுக்குள் கையை விட்டு அதை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். ஓடு ஊறிப்போயிருந்தாலும் கெட்டி. கடைவாயில் வைத்து நெரித்தபோது கொம்பு கீழுதட்டைக் கிழித்தது. உள்ளே இருந்தது பருப்பு இல்லை, புளித்த கூழ். ரத்தமும் கூழும் தண்டும் ஓட்டுத் துண்டுமாக மென்று விழுங்கினேன்.

யாரும் அசையவில்லை. நான் விழப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். அம்மா பத்தடி தள்ளி, நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். அவள் என் அம்மா, ஆனாலும் வரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

வந்தவள் பெரியம்மா. என் தாடையைப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டு ஓட்டுத் துண்டுகளை வழித்துப் போட்டாள். வண்டியிலிருந்த குடத்தைச் சாய்த்து, கொப்பளிக்கவும் குடிக்கவும் ஊற்றினாள். தெரு ஒரு மாதமாகத் தொடாத தண்ணீர். நான் மடக் மடக்கென்று குடித்தேன்.

"மொத்தம் எத்தன போட்டே?" என்றாள்.

"ஏழு."

"அப்ப இன்னும் ஆறு கெடக்கு. வேற எவன் காலக் கெடுக்கதுக்கு? வா, எடுப்போம்." வண்டியைப் பிடித்திருந்தவர்கள் கையைத் தட்டிவிட்டு, குளத்தைப் பார்த்துத் திருப்பினாள். அவளைப் போ என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

குளத்தில் தேடுவது கஷ்டமாக இல்லை. கல்படிக்குப் பக்கத்தில் ஆறு இடத்தில் சின்னச் சின்ன வட்டமாக இலை மிதந்தது. பெரியம்மா அதை நீர்ப்பாசி என்று நினைத்து விட்டிருக்கிறாள். தண்டைப் பிடித்து மெதுவாக இழுத்தால் அடியில் அதே கறுப்புத் தலை. ஐந்தை அடுப்பில் போட்டு எரித்தாள். ஒன்றை, யார் காலும் படாதபடி, சேறு போட்ட, விளிம்பு உடைந்த மிடாப் பானையில் நட்டு, தண்ணீர் ஊற்றிக் குடிசை வாசலில் வைத்தாள்.

சாயங்காலம் வரை நான் சாகவில்லை. மறுநாளும் சாகவில்லை. பாஸ்குவுக்குள் மிடாவில் இலை கையகலம் விரிந்தது. காம்புகள் காற்றடைத்து உப்பின. முதலில் பிள்ளைகள் பார்க்கப் போனார்கள், பிறகு பிள்ளைகளைத் தேடுகிற சாக்கில் பெரியவர்கள் போனார்கள். உபதேசியார்கூட ஒரு நாள் போய், தண்டை விரலால் தூக்கி அடியில் இருந்த கொம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். மாமா அந்த வருஷச் சங்குகுளிப் பருவம் முழுவதையும் இழந்தார். ஆனால் கோலூன்றி நடக்க ஆரம்பித்ததும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "ஏளா, இன்னைக்கு எங்கன வெதச்சிருக்க? சொல்லிரு, சுத்திப் போறேன்" என்பதுதான். நான் அழுதேன். சாகும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் தண்ணீர் மட்டும் யாரும் வாங்கவில்லை. எல்லோரும் எங்கள் வாசலைப் பார்த்தார்கள். அம்மா ரயில் பாதைக்கு அந்தப் பக்கமே நடந்துகொண்டிருந்தாள். தப்பு என்று தெரிந்த பிறகும் நடந்தாள். தெரிந்ததால்தான் நடந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. பெரியம்மாவும் வண்டியை நிறுத்தி, நின்று, தள்ளிக்கொண்டு போனாள். சித்திரை முடிந்ததும் ஏரலில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடப் போகிறாள் என்று பேச்சு வந்தது.

மே மாதம் அப்பா வந்தார். காய்க்கிற பருவம் இல்லை என்று இந்தத் தடவை மாவாகக் கொண்டுவந்திருந்தார். "பிள்ளைக்கு ரொம்பப் பிடிச்சுதே" என்று பையை அவிழ்த்தார். யாரும் வாங்கக் கை நீட்டவில்லை. கடைசியில் மாமாதான் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா என் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். காய விடக்கூடாது, ஈரத்தில் முளைக்கும் என்பதை அம்மாவிடமும் சொல்லியிருந்தால் மாமா காலில் குத்தியது அந்தக் காய்தான் என்று அவளும் கண்டுபிடித்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் அம்மா அந்த மாவில் கருப்பட்டி போட்டுக் களி கிண்டினாள். வெண்கலக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு "வா" என்று என்னையும் கூட்டிக்கொண்டு தெரு வழியே நடந்தாள். பட்டப்பகல். எல்லா வாசலிலும் ஆள்.

பெரியம்மா மிடாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இலைகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பூ, நகத்தளவு. அம்மா கிண்ணத்தை நீட்டினாள்.

"என்னது?"

"அந்தக் காயிதான். மாவா வந்திருக்கு."

பெரியம்மா வாங்கவில்லை. "நீ மொதல்ல ஒரு வாய் தின்னு. நான் பாத்துட்டுத் தின்னுதேன்."

எனக்குப் பெரியம்மா மேல் கோபம் வந்தது. அம்மா ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு விழுங்கினாள். பெரியம்மா உடனே வாங்கிக்கொள்ளவில்லை. நிஜமாகவே காத்திருந்தாள். கோயில் முன்னால் எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அளவு நேரம். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அந்த வெயிலில் நின்றாள். பிறகு பெரியம்மா கிண்ணத்தை வாங்கி, உட்கார்ந்து, ஒட்டியிருந்தது வரை வழித்துத் தின்றாள்.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் பக்கம் வழக்கம் இல்லை. ஒரு கை அரிசியாவது ஒரு வெங்காயமாவது போட்டுத்தான் கொடுப்போம். பெரியம்மா குடிசைக்குள் போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தாள். கிண்ணத்தைக் கழுவி, பீப்பாயிலிருந்து விளிம்பு வரை தண்ணீர் பிடித்து அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு, சிந்தாமல், மெதுவாக நடந்தாள். தெரு முனையில் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்ததும் நின்றாள். கிண்ணத்தைத் தூக்கிப் பாதித் தண்ணீரைக் குடித்தாள். மீதியை என்னிடம் கொடுத்து, "குடி" என்றாள்.

மறுநாள் விடிந்து வண்டிச் சத்தம் கேட்டபோது தெருவில் எல்லா வாசலிலும் குடம் இருந்தது.